வெள்ளை ரோசாவுக்கு நீலம் குடிக்கக் கொடுப்பது எப்படி?

கடும் நீல ரோசாக் கன்று எங்கே வாங்கலாம் என்று கேட்டு அலைய வேண்டாம், அப்படியொன்று இல்லை. நீலத்துக்கு வேண்டிய டெல்பினிடின் என்ற நிறமியை ரோசாவால் உண்டாக்க முடியாது. ஜப்பானின் சன்டோரி நிறுவனம் வேறு பூவின் மரபணுவைச் சேர்த்து உருவாக்கிய ரோசா 2009இல் விற்பனைக்கு வந்தது. அதுவும் பார்வைக்கு இளம் ஊதாதான். கறுப்பு ரோசா என்பதும் மிகக் கடும் சிவப்புத்தான். படங்களில் காண்கிற பளீர் நீலமெல்லாம் சாயம் குடித்த வெள்ளை ரோசா. அதை நம் குசினியிலேயே செய்யலாம்.

கிளிநொச்சி வெயிலுக்கு எங்கள் வளவு ரோசா சின்னதாகத்தான் பூக்கும். அதனால் பூக்கடையில் பாதி விரிந்த வெள்ளைப் பூவாக வாங்குங்கள். முழுதாக விரிந்தது நிறம் ஏற முன்னரே உதிரத் தொடங்கிவிடும். தண்ணீரில் கரையும் கேக் கலரிங், ஜாம் போத்தல், கூரான பிளேட் போதும். சொக்லேட்டுக்குப் போடும் எண்ணெய்க் கலரிங் சரிவராது. மஞ்சள் தூளை நான் முயன்று பார்த்தேன். அது கரையாமல் போத்தலின் அடியில் தங்கியது, பூ வெள்ளையாகவே இருந்தது.

விழாவுக்கு முதல் நாள் விடியவே தொடங்குங்கள். பூவை ஓரிரண்டு மணி நேரம் நிழலில் தண்ணீரில்லாமல் வையுங்கள், தாகம் எடுக்கட்டும். ஒரு கோப்பை இளஞ்சூட்டுத் தண்ணீரில் 20 முதல் 30 துளி கலரிங் விடுங்கள். கேத்திலில் வெள்ளைப் படலம் பிடிக்கும் கிணற்றுத் தண்ணீரை விட மழைத்தண்ணீர் நல்லது. தண்டை வாளித் தண்ணீருக்குள் பிடித்தபடியே சரிவாக வெட்டி, உடனே சாயத்தில் நிறுத்துங்கள். வெளியே வெட்டினால் தண்டின் குழாய்களுக்குள் காற்றுப் புகுந்து ஏற்றத்தை அடைத்துவிடும்.

இனிப் பூவே வேலை செய்யும். இதழும் இலையும் நீராவியை வெளியே விட விட, தண்டு கீழிருந்து இழுக்கும். காற்றோட்டமான நிழலில் வைத்தால் போதும். நாலைந்து மணி நேரத்தில் இதழ் நரம்புகளில் நீலம் ஓடும். கடும் நிறத்துக்கு ஒரு நாள் வேண்டும்.

இரு நிறம் வேண்டுமா? தண்டின் அடியிலிருந்து ஒரு சாண் அளவுக்கு நீளவாக்கில் பிளந்து, பிளவு முடியும் இடத்தில் நூல் சுற்றி, ஒவ்வொரு பாதியையும் வெவ்வேறு நிறச் சாயப் போத்தலில் விடுங்கள். வானவில் ரோசாவும் இதே வித்தைதான், பிளவுகள் கூட, அவ்வளவுதான். முதல் தடவை எனக்குத் தண்டு முறிந்தது, ஆகையால் ஒரு பூ மேலதிகமாக வாங்குங்கள்.

அடுக்கும்போதுதான் பலர் கெடுத்துவிடுகிறார்கள். எல்லாப் பூவும் நீலமாக இருந்தால் பிளாஸ்டிக் என்று நினைப்பார்கள். மூன்று நீலம், ஐந்து வெள்ளை எடுங்கள். பனையோலைப் பெட்டிக்குள் தண்ணீர்ப் போத்தலை வைத்து, வாயில் கோழிக்கூட்டு வலைத்துண்டைச் சுருட்டிச் செருகினால் தண்டுகள் சாயாமல் நிற்கும். தண்ணீருக்குள் அமிழும் இலைகளைக் கிள்ளிவிடுங்கள். நீலத்தை ஒரு பக்கமாகத் தாழ்வாகச் சேர்த்து, பின்னால் மஞ்சள் குரோட்டன் இலை இரண்டு வையுங்கள். நீலத்தை எடுத்துக் காட்ட வேலியோரக் குரோட்டனை விடப் பொருத்தமான இலை எனக்குத் தெரியாது.

பெட்டியில் வைக்க முன்னர் தண்டைக் கழுவி, நுனியைப் புதிதாக வெட்டித் துணியால் ஒற்றி எடுங்கள். மருமகளின் சாமத்திய வீட்டில் இதை மறந்துவிட்டேன். அன்றைய வெள்ளை மேசைவிரிப்பை இப்போது அக்கா குசினியில்தான் பாவிக்கிறா.