லிங்கனின் தாத்தாவைத் தேடிப் பழகுவோம்: பழைய அமெரிக்க நீதிமன்றப் பதிவேடுகளில் குடும்பம் கண்டுபிடிப்பது எப்படி?

18ஆம் நூற்றாண்டின் கடைசியில் அப்பலாச்சிய மலையைத் தாண்டிக் கென்டக்கிக் காட்டில் குடிசை போட்டவர்கள் நாட்குறிப்பு எழுதி வைக்கவில்லை. பலருக்குக் கையெழுத்துப் போடவே தெரியாது. பிறப்பு, இறப்புப் பதிவு அந்த எல்லைப்புறத்தில் கிடையாது. ஆனால் நிலத்துக்காகவும் கடனுக்காகவும் ஓயாமல் கோர்ட்டுப் படி ஏறினார்கள். அங்கே குமாஸ்தா எழுதி வைத்த ஏடுகளில்தான் அவர்களுடைய மனைவி, மக்கள், மைத்துனர் எல்லாம் இருக்கிறார்கள்.

விடை தெரிந்த கணக்கைப் போட்டுப் பழகுவதே தொடக்கக்காரருக்கு நல்லது. அதனால் ஜனாதிபதி ஆபிரகாம் லிங்கனின் குடும்பத்தை எடுத்துக்கொள்வோம். அவருடைய தாத்தாவின் பெயரும் ஆபிரகாம் லிங்கன்தான். குழப்பம் வராமல் இருக்க அவரை 'கேப்டன்' என்போம்.

படி 1: குடும்பத்தில் சொல்லும் கதையை எழுதுங்கள், நம்பாதீர்கள்

1859இல் லிங்கன் தம் வாழ்க்கைக் குறிப்பில், தாத்தா வர்ஜீனியாவின் ராக்கிங்ஹாம் கவுண்டியிலிருந்து (கவுண்டி என்றால் மாநிலத்துக்குள் நம் மாவட்டம் போன்ற ஒரு பிரிவு) 1781 அல்லது 1782 வாக்கில் கென்டக்கிக்கு வந்தார், ஓரிரு ஆண்டுகளில் பூர்வகுடியினரால் கொல்லப்பட்டார் என்று எழுதினார். அவர் கொல்லப்பட்டதாக ஆய்வாளர்கள் இன்று ஏற்கும் ஆண்டு 1786. ஊர் சரி, ஆண்டு பிசகு. எல்லாக் குடும்பக் கதைகளும் ஏறக்குறைய இப்படித்தான் இருக்கும். எனவே சொன்ன ஆண்டுக்கு முன்னும் பின்னும் ஐந்தைந்து ஆண்டுகள் சேர்த்துத் தேடுங்கள்.

படி 2: ஆளைத் தேடும் முன் கவுண்டியைத் தேடுங்கள்

பெரும்பாலானோர் தடுமாறுவது இங்கேதான். எல்லைப்புறக் குடும்பம் இருந்த இடத்தில் அசையாமல் இருந்தாலும் கவுண்டி அவர்களைச் சுற்றி மாறிக்கொண்டே இருந்தது. ராக்கிங்ஹாம் கவுண்டியே 1778இல்தான் அகஸ்டா கவுண்டியிலிருந்து பிரிந்தது. அதற்கு முந்திய ஏடுகள் அகஸ்டாவின் தலைமையிடமான ஸ்டான்டனில் இருக்கும். கென்டக்கி முழுவதும் முதலில் வர்ஜீனியாவின் ஒரே கவுண்டி. 1780இல் அது ஜெஃபர்சன், லிங்கன், ஃபேயட் என மூன்றானது. (லிங்கன் கவுண்டி என்றதும் பாயாதீர்கள். அது பெஞ்சமின் லிங்கன் என்ற படைத்தளபதியின் பெயர்.) ஜெஃபர்சனிலிருந்து நெல்சன் பிரிந்தது, நெல்சனிலிருந்து 1792-93இல் வாஷிங்டன், ஹார்டின் கவுண்டிகள் பிறந்தன. ஜனாதிபதி 1809இல் பிறந்த இடம் இன்று லாரூ கவுண்டி. அந்தக் கவுண்டி உருவானதோ 1843இல். அதற்கு முந்திய ஏடுகளுக்கு ஹார்டினின் எலிசபெத்டவுனுக்குத்தான் போக வேண்டும்.

கவுண்டி பிரியும்போது பழைய ஏடுகள் பொதுவாகத் தாய்க் கவுண்டியிலேயே தங்கிவிடும். நியூபெரி நூலகத்தின் கவுண்டி எல்லை வரைபடத் தொகுப்பு இணையத்தில் இலவசம். எந்தத் தேதியில் எல்லை எங்கே இருந்தது என்று அதில் பார்த்து, ஒரு தாளில் ஆண்டு, கவுண்டி, தலைமையிடம் என்று எழுதிக்கொண்ட பிறகே அடுத்த படிக்கு வாருங்கள்.

படி 3: திருமணப் பிணைமுறி

திருமணத்துக்குச் சட்டத் தடை இல்லை என்று உறுதி சொல்லி, மணமகனும் இன்னொருவரும் ஒரு தொகைக்குப் பிணை எழுதிக் கொடுக்கும் காகிதம்தான் பிணைமுறி. லிங்கனின் தந்தை தாமஸ், தாய் நான்சி ஹாங்க்ஸ் திருமணத்துக்கு ஆதாரமே இல்லை என்று அக்காலத்தில் வம்பு பேசினார்கள். குடும்பம் வாழ்ந்த ஹார்டின் கவுண்டியில் தேடியவர்களுக்கு ஒன்றும் கிடைக்கவில்லை. லிங்கன் இறந்து ஆண்டுகள் பல கழிந்த பிறகுதான், வாஷிங்டன் கவுண்டியின் ஸ்பிரிங்ஃபீல்டு நீதிமன்றத்தில் அவர்களுடைய பிணைமுறி கிடைத்தது. மணமகள் அந்தக் கவுண்டியில் இருந்தார். அனுமதியை மணமகளின் கவுண்டியில் வாங்குவதே வழக்கம்.

தேதி 1806 ஜூன் 10. தொகை 50 பவுண்டு. டாலர் வந்த பிறகும் கென்டக்கிப் படிவங்களில் பவுண்டு ஒட்டிக்கொண்டிருந்தது. கையெழுத்திட்டவர்கள் இருவர்: தாமஸ் லிங்கன், ரிச்சர்டு பெரி. அந்தப் பணத்தை யாரும் கட்டுவதில்லை. திருமணத்துக்குச் சட்டத் தடை இருந்தால் மட்டுமே அது கடனாகும். உங்களுக்கு முக்கியம் அந்த இரண்டாவது கையெழுத்து. பிணை நிற்பவர் பெரும்பாலும் பெண்ணின் தந்தை, அண்ணன் அல்லது நெருங்கிய உறவு. பெரி தம்மைக் காப்பாளர் என்று குறித்திருக்கிறார். உடனே குடும்ப மரத்தில் ஒரு கோடு போட்டுவிடாதீர்கள். எந்த வகையில் காப்பாளர் என்று அந்தக் காகிதம் சொல்லவில்லை.

பிணைமுறி திருமணம் நடந்ததற்குச் சாட்சி ஆகாது. திருமணம் செய்துவைத்த போதகர் கவுண்டிக்கு அனுப்பிய பட்டியல்தான் சாட்சி. ஜெஸ்ஸி ஹெட் என்ற மெதடிஸ்ட் போதகரின் பட்டியலில் இவர்கள் திருமணம் ஜூன் 12 என்று இருக்கிறது.

படி 4: இறந்தவரின் சொத்து, அன்றைய சட்டம்

கேப்டன் இறந்தது ஜெஃபர்சன் கவுண்டியில். ஆனால் சொத்துப் பட்டியல் பதிவானது நெல்சன் கவுண்டியில். கைம்பெண் பிள்ளைகளோடு அந்தப் பக்கம் குடிபெயர்ந்துவிட்டார். இறந்த ஊரில் கிடைக்காவிட்டால் மனைவி போன ஊரில் பாருங்கள். குதிரை, பசு, துப்பாக்கி என்று போகும் இத்தகைய பட்டியலில் பிள்ளைகள் பெயர் இருக்காது. மதிப்புப் போட்டவர்கள் பெயர் இருக்கும். அவர்கள் அக்கம்பக்கத்தார், சில நேரம் சம்பந்திகள். அடிமைகளாக வைக்கப்பட்டிருந்தவர்களின் பெயர்களும் இத்தகைய பட்டியல்களில்தான் வரும். அவர்களுடைய சந்ததியினர் முன்னோரைத் தேடுவதும் இதே பக்கங்களில்தான்.

இங்கே சட்டம் தெரியாமல் காகிதத்தைப் படிக்க முடியாது. உயில் எழுதாமல் இறந்தால் நிலம் முழுவதும் மூத்த மகனுக்கே என்பது வர்ஜீனியாவின் பழைய சட்டம். 1787 ஜனவரி 1 முதல்தான் பிள்ளைகள் அனைவருக்கும் பங்கு. கேப்டன் 1786 மே மாதம் இறந்தார். அந்த ஏழெட்டு மாத இடைவெளியில் நிலமெல்லாம் மூத்தவர் மோர்டெக்காய்க்குப் போனது. சிறுவன் தாமஸுக்கு ஒரு காணியும் இல்லை. பழைய சட்டக் காலத்தில் உயில் இல்லாமல் இறந்தவரின் நிலத்தை ஒரே மகன் தனியாக விற்றிருந்தால் அவர் மூத்தவர் என்று கொள்ளலாம். அதற்குப் பின் இறந்தவரின் நிலத்தை விற்க வாரிசுகள் எல்லோரும் கையெழுத்துப் போட வேண்டும். மகள்கள், மருமகன்கள் பெயரோடு அப்படி ஒரு பத்திரம் கிடைத்தால் உங்கள் வேலையில் பாதி முடிந்தது.

இன்னொன்று: அன்றைய ஏடுகளில் தந்தை இறந்தாலே பிள்ளை அனாதைதான். தாய் உயிரோடு இருந்திருக்கலாம்.

படி 5: கிரயப் பத்திரமும் நில வழக்கும்

கணவன் நிலம் விற்றால் மனைவி தம் மூன்றில் ஒரு பங்கு உரிமையை விட்டுக்கொடுக்க வேண்டும். அதனால்தான் வேறெங்கும் வராத மனைவியின் பெயர் பத்திரத்தில் வருகிறது. கேப்டன் 1780இல் ராக்கிங்ஹாமின் லின்வில் ஓடை நிலத்தை விற்ற பத்திரத்தின் வழியாகத்தான் அவர் மனைவியின் பத்ஷீபா என்ற பெயர் நமக்கு வருகிறது.

கென்டக்கியில் ஒரே நிலத்தை இருவர் மூவர் அளந்து உரிமை கொண்டாடினார்கள். வில்லங்கம் இல்லாத நிலமே அரிது. தாமஸ் லிங்கனும் தாம் வாழ்ந்த நாப் கிரீக் பண்ணைக்காக வெளியேற்ற வழக்கை, அதாவது நிலத்தை விட்டு வெளியேற்றக் கோரும் வழக்கை, சந்தித்தார். 1816இல் குடும்பம் இண்டியானாவுக்குப் போனதற்கு முதன்மையான காரணம் நில உரிமைச் சிக்கல்தான் என்று லிங்கனே பின்னாளில் எழுதினார். இத்தகைய வழக்குகளில் சாட்சிகளின் வாக்குமூலங்களை வரி விடாமல் படியுங்கள். 'எனக்கு இத்தனை வயது, இந்த ஓடையோரம் இன்னாரோடு இந்த ஆண்டு வந்தேன்' என்று அதில்தான் சொல்வார்கள்.

ஜான் டோ, ரிச்சர்டு ரோ என்ற பெயர்கள் வந்தால் குடும்ப மரத்தில் சேர்த்துவிடாதீர்கள். வெளியேற்ற வழக்குகளில் வழக்கறிஞர்கள் சட்ட வசதிக்காக வைத்த கற்பனை ஆட்கள் அவர்கள்.

படி 6: அட்டவணையை மட்டும் நம்பாதீர்கள்

ஏட்டின் பெயர் அட்டவணையில் வாதி, பிரதிவாதி பெயர்கள்தான் பெரும்பாலும் இருக்கும். சாட்சி, ஜூரி, சாலை மேற்பார்வையாளர் என்று வருபவர்கள் உள்ளே பக்கங்களில் ஒளிந்திருப்பார்கள். ஃபேமிலிசர்ச் தளத்தில் இலவசக் கணக்குத் தொடங்கினால் பல கவுண்டிகளின் ஏடுகளைப் படமாகப் பார்க்கலாம். பழைய கையெழுத்தைக் கணினியே வாசித்துத் தேடித்தரும் வசதியும் வந்துவிட்டது. அது எழுத்தைத் தவறாக வாசிக்கும். லிங்கனைப் பல எழுத்துக்கூட்டலில் தேடுங்கள்.

ஏடு எரிந்துபோயிருந்தால்? ராக்கிங்ஹாமின் ஏடுகள் பலவற்றை உள்நாட்டுப் போரின்போது 1864இல் பாதுகாப்புக்காக வண்டியில் ஏற்றி அனுப்ப, வடக்குப் படையினர் வழியில் தீ வைத்தார்கள். அரசு நிலம் வழங்கிய ஆவணங்கள் கவுண்டியில் இல்லை. அவை வர்ஜீனியாவின் தலைநகர் ரிச்மண்டிலும் கென்டக்கியின் தலைநகர் ஃபிராங்க்ஃபர்ட்டிலும் தனியாக இருக்கின்றன.

பழகிப் பார்க்க ஒன்று: நான்சியின் தாய் என்று பெரும்பாலான ஆய்வாளர்கள் ஏற்கும் லூசி ஹாங்க்ஸ். 1789 நவம்பரில் கென்டக்கியின் மெர்சர் கவுண்டி கிராண்ட் ஜூரி (குற்றம் சாட்டும் ஊரார் குழு) அவர்மீது ஒழுக்கக் குற்றம் சாட்டியது. 1790 ஏப்ரலில் ஹென்றி ஸ்பாரோவை மணக்கச் சம்மதம் என்று அவர் சீட்டு எழுதிக் கொடுத்தார். முதல் செய்தி எந்த ஏட்டில் இருக்கும், இரண்டாவது எந்தக் கட்டில் இருக்கும் என்று மேலே சொன்னதை வைத்து முடிவுசெய்துவிட்டுத் தேடத் தொடங்குங்கள்.