சணப்பு மடக்கி உழுத நிலத்தில் சூரியகாந்தி முளைக்காதபோது

பசுந்தாள் உரமாக வளர்த்த சணப்பை மண்ணுக்குள் மடக்கி உழுத கையோடு ஊன்றிய சூரியகாந்தி திட்டுத் திட்டாகத்தான் முளைத்தது. வந்த நாற்றுகளும் அடித்தண்டு நீர்கோத்துச் சாய்ந்தன. விதை கெட்டதோ என்று ஈரத்துணியில் சுருட்டிப் பார்த்தால் எல்லாம் முளைக்கிறது. டிரைக்கோடெர்மா என்னும் நன்மை செய்யும் பூஞ்சையால் விதைநேர்த்தி செய்து, முளைக்காத இடங்களில் மறுபடி ஊன்றியும் அதே கதி.

வரப்போரம்தான் துப்பு கொடுத்தது. சணப்பு மெலிந்து நின்ற அந்தப் பட்டையில் மட்டும் ஒரு குழி தவறவில்லை. மற்ற இடத்தில் தோண்டினால் விதைக்கடியில் மட்காத தண்டு, புளித்த வாடை. பச்சைத்தழை அழுகும்போது நாற்றழுகல் பூஞ்சை பெருகும். தண்டுகளுக்கிடையே மண்ணில் பொந்து விழுந்து விதையில் ஈரம் ஒட்டாது.

சரியானது இப்படி: ஏக்கருக்கு 10 முதல் 14 கிலோ சணப்பு விதைத்து, பூவெடுக்கும் 45ஆம் நாளுக்குள் ரோட்டாவேட்டரால் (சுழல்கலப்பை) துண்டாக்கி மடக்கினேன். காய் பிடித்துவிட்டால் நாரேறி சீக்கிரம் மட்காது. தண்ணீர் கட்டி, 3 வாரம் விட்டு, மறு உழவு. தண்டு விரலில் நசுங்கி, மண்வாசனை மட்டும் வந்த பிறகே 60×30 செ.மீ. இடைவெளியில், 3 செ.மீ. ஆழத்தில் விதை. முளைப்பு சீராக வந்ததும்தான் நிம்மதி. மானாவாரியில் சணப்பே ஈரத்தை உறிஞ்சிவிடும். மடக்கியபின் நல்ல மழை கிடைக்காமல் ஊன்ற வேண்டாம்.