பேரவைக்கு வருமுன்பே பேச வேண்டும்: குற்றவியல் சட்டமுன்வடிவுகளைச் சேலத்திலிருந்து அணுகும் முறை

சென்னை மாகாணத்தில் மதுவிலக்கு முதன்முதலாக நடைமுறைக்கு வந்தது சேலம் மாவட்டத்தில்தான். அது 1937 அக்டோபர் 1ஆம் தேதி. சேலத்தில் வக்கீல் தொழில் செய்த இராஜாஜியின் அமைச்சரவை கொண்டுவந்த அந்தச் சட்டம், தமிழ்நாடு மதுவிலக்குச் சட்டம், 1937 என்ற பெயரில் இன்றும் நடப்பில் இருக்கிறது. 2024 ஜூன் மாதம் கள்ளக்குறிச்சி கருணாபுரத்தில் மெத்தனால் கலந்த சாராயத்தால் 60க்கும் மேற்பட்டோர் இறந்தபோது, பாதிக்கப்பட்டவர்களில் பலரைச் சேலம் அரசு மோகன் குமாரமங்கலம் மருத்துவக் கல்லூரி மருத்துவமனைக்குத்தான் கொண்டுவந்தார்கள். முதல் உயிரிழப்புகள் தெரியவந்து பத்தே நாளில், ஜூன் 29 அன்று, அதே 1937ஆம் ஆண்டுச் சட்டத்தைத் திருத்தும் சட்டமுன்வடிவு (மசோதா) பேரவையில் நிறைவேறிவிட்டது.

அந்தப் பத்து நாளில் ஆத்தூரிலோ வாழப்பாடியிலோ இருக்கும் ஒருவர் விவரம் அறிந்து, யோசித்து, தம் கருத்தை எழுதி அனுப்பியிருக்க முடியுமா? 2025 ஜனவரியில் அவகாசம் இன்னும் குறைவு. பெண்களுக்கு எதிரான குற்றங்களுக்குத் தண்டனையைக் கூட்டும் இரண்டு சட்டமுன்வடிவுகள் 10ஆம் தேதி அறிமுகமாகி, 11ஆம் தேதி நிறைவேறின. மக்கள் பாதுகாப்பு தொடர்பான சட்டங்கள் பெரும்பாலும் ஒரு துயரத்தின் சூட்டில் வருகின்றன. அவை வரும் வேகம் அப்படித்தான் இருக்கும். நாளிதழில் ‘மசோதா தாக்கல்’ என்ற செய்தியைப் பார்த்த பிறகு வேலையைத் தொடங்கினால் காலம் கடந்திருக்கும் என்பதை முதலில் மனத்தில் கொள்ள வேண்டும்.

ஆகவே கவனிக்கத் தொடங்க வேண்டிய இடம் நிதிநிலை அறிக்கைக்குப் பின் நடக்கும் மானியக் கோரிக்கை விவாதம், அதாவது ஒவ்வொரு துறையும் தன் செலவுக்குப் பேரவையின் ஒப்புதலைக் கேட்கும் விவாதம். காவல்துறை, மதுவிலக்கு, சிறைத்துறை ஆகியவற்றின் கோரிக்கைகள் விவாதத்துக்கு வரும் நாளில் ஒவ்வொன்றுக்கும் ஒரு கொள்கை விளக்கக் குறிப்பு வெளியாகும். அதில் ஆண்டுவாரியான குற்றக் கணக்கும், துறை அடுத்து என்ன செய்ய நினைக்கிறது என்பதும் இருக்கும். தமிழ்நாடு அரசின் இணையதளத்தில் இருந்து அதை எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். பின்னாளில் சட்டமுன்வடிவாக வரக்கூடியதன் முதல் சாயல் பல சமயம் அங்கேயே தென்பட்டுவிடும்.

சட்டமுன்வடிவு கைக்குக் கிடைத்ததும் கடைசியிலிருந்து படியுங்கள். அங்கேதான் நோக்க காரண விளக்கவுரை இருக்கும். எதற்காக இந்தத் திருத்தம் என்று அரசு தன் வாயாலேயே சொல்லும் பகுதி அது. பிறகு பிரிவுகளுக்கு வாருங்கள். திருத்தச் சட்டமுன்வடிவை மட்டும் தனியாக வாசித்தால் ஒன்றும் புரியாது, ஏனென்றால் ‘முதன்மைச் சட்டத்தின் இன்ன பிரிவில் இந்தச் சொற்களுக்குப் பதிலாக இந்தச் சொற்கள்’ என்றுதான் அது பேசும். ஒரு முழுத்தாளை நடுவில் மடித்து, இடப்பக்கம் பழைய பிரிவையும் வலப்பக்கம் திருத்தத்துக்குப் பிந்தைய பிரிவையும் கையால் எழுதுவது என் வழக்கம். கணினியில் வெட்டி ஒட்டிச் செய்வதைவிட இதில் நேரம் அதிகம் பிடிக்கும். ஆனால் எழுதும் கை ஒவ்வொரு சொல்லிலும் நிற்பதால், ‘மற்றும்’ இருந்த இடத்தில் ‘அல்லது’ வந்திருந்தால்கூடக் கண்ணில் படாமல் போகாது.

2024ஆம் ஆண்டுத் திருத்தத்தை அப்படி எழுதிப் பார்த்தால் விஷயம் தெளிவாகும். கள்ளச்சாராயத்தால் உயிரிழப்பு நேர்ந்தால் ஆயுள் தண்டனை, 10 லட்சம் ரூபாய்க்குக் குறையாத அபராதம் என்பதைத்தான் எல்லோரும் பேசினார்கள். ஆனால் தண்டனை பெற்றவரை ஒரு பகுதியிலிருந்தே வெளியேற்றுவதற்கான ஏற்பாடும், நன்னடத்தைப் பிணைப்பத்திரம் வாங்கும் ஏற்பாடும் அதே திருத்தத்தில்தான் இருந்தன. ஒரு சட்டமுன்வடிவில் தலைப்புச் செய்தியாவது தண்டனை அளவு; ஊரில் அன்றாடம் உணரப்படுவது அதிகாரம் யாருக்குப் போகிறது என்பது. யாரைப் பிடிக்கலாம், ஜாமீனுக்கு என்ன நிபந்தனை, உத்தரவிடும் அதிகாரி யார், அவருடைய உத்தரவை யார் மறு ஆய்வு செய்வார்கள் என்ற கேள்விகளை ஒவ்வொரு பிரிவின் ஓரத்திலும் எழுதி, விடை இருந்தால் குறியுங்கள். இல்லையென்றால் அந்த இடத்தைக் காலியாகவே விடுங்கள். அந்தக் காலியிடங்கள்தாம் உங்கள் சட்டமன்ற உறுப்பினருக்கு நீங்கள் எழுதும் மனுவின் பொருள்.

குண்டர் சட்டம் என்று நாம் சொல்லும் 1982ஆம் ஆண்டின் 14ஆவது சட்டத்துக்குத் திருத்தம் வரும்போது இந்தக் கேள்விகள் மிக அவசியம். அது விசாரணை முடிந்து தண்டிக்கும் சட்டம் அன்று. முன்கூட்டியே தடுத்து வைக்கும் சட்டம். சேலம் மாநகரில் காவல் ஆணையரும், மாவட்டத்தின் பிற பகுதிகளில் மாவட்ட ஆட்சியரும் உத்தரவிட்டால் ஒருவரை 12 மாதம் வரை சிறையில் வைக்கலாம். உத்தரவை அறிவுரைக் குழுமம் பரிசீலிக்கும். கள்ளச்சாராயம் காய்ச்சுபவர்களில் தொடங்கிய பட்டியலில் பின்னாளில் மணல் கடத்துவோர், இணையக் குற்றவாளிகள், பாலியல் குற்றவாளிகள் என்று புதிய வகையினர் சேர்ந்துகொண்டே வந்திருக்கிறார்கள். எந்தப் புதிய வகை சேர்ந்தாலும், அதற்குத் தரப்பட்டுள்ள வரையறை எவ்வளவு அகலம் என்பதைப் பாருங்கள்.

பொது ஒழுங்கு, காவல், சிறை, மது ஆகியவை மாநிலப் பட்டியலில் உள்ளவை. குற்றவியல் சட்டமும் அதன் நடைமுறையும், மத்திய அரசும் மாநில அரசும் சட்டம் இயற்றக்கூடிய பொதுப்பட்டியலில் உள்ளவை. இந்திய தண்டனைச் சட்டத்துக்குப் பதிலாக 2024 ஜூலை 1 முதல் நடப்பில் உள்ள பாரதிய நியாய சன்ஹிதா போன்ற மத்தியச் சட்டத்தோடு மாநிலத் திருத்தம் முரண்பட்டால், அது இங்கே செல்லுபடியாகக் குடியரசுத் தலைவரின் ஒப்புதல் வேண்டும். உங்கள் சட்டமுன்வடிவு எந்த வகை என்று தெரிந்தால், எவ்வளவு காலம் காத்திருக்க நேரும் என்பதையும் ஊகிக்கலாம்.

அடுத்து, உள்ளூர் விவரம். தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின் கீழ் 10 ரூபாய் நீதிமன்றக் கட்டண வில்லை ஒட்டி விண்ணப்பித்தால் 30 நாளுக்குள் பதில் தர வேண்டும். ஏற்காடு காவல் நிலையம் மாவட்டக் காவல் கண்காணிப்பாளரின் கீழும், அஸ்தம்பட்டி காவல் நிலையம் மாநகர ஆணையரின் கீழும் வருவதால், சரியான அலுவலகத்தின் பொதுத் தகவல் அலுவலருக்கு எழுதுங்கள். பெயர்களைக் கேட்காதீர்கள், ‘இந்தப் பிரிவில் கடந்த மூன்று ஆண்டுகளில் பதிவான வழக்குகள், குற்றப்பத்திரிகை தாக்கலானவை, தண்டனையில் முடிந்தவை’ என்று எண்ணிக்கையை மட்டும் கேளுங்கள். பதிவான வழக்குகளில் தண்டனையில் முடிந்தவை மிகச் சிலவே என்று தெரியவந்தால், தண்டனையைக் கூட்டுவதைவிட விசாரணையைச் செம்மைப்படுத்துவதே தேவை என்று ஆதாரத்தோடு சொல்லலாம்.

சேலம் மாவட்டத்தில் 11 சட்டமன்றத் தொகுதிகள் உள்ளன. ஏற்காடு பழங்குடியினருக்கான தனித் தொகுதி. அது மலையோடு நிற்காமல் கீழே வாழப்பாடிப் பக்கமும் விரிகிறது. எந்தத் தொகுதியாக இருந்தாலும் அதன் உறுப்பினருக்கு எழுதும் கடிதம் ஒரு பக்கத்தைத் தாண்ட வேண்டாம். பிரிவு எண், கேட்கும் மாற்றம், காரணமாக ஓர் உள்ளூர் விவரம், இவ்வளவு போதும். சட்டமுன்வடிவின் எண்கூட இல்லாமல் நான்கு பக்கத்துக்கு வேதனையைக் கொட்டி நான் ஒருமுறை கொடுத்த மனுவுக்குப் பதிலே வரவில்லை. இப்போது எழுதுவதானால் இப்படி எழுதுவேன்:

‘இப்பிரிவு, சாராயம் காய்ச்சி விற்பவரையும் நாள் கூலிக்குக் கேனைச் சுமந்து செல்பவரையும் ஒரே தண்டனையின் கீழ் வைக்கிறது. மலைக் கிராமங்களில் பின்னவர் பெரும்பாலும் நிலமற்ற ஏழையாக இருப்பதால், சுமப்பவருக்குத் தனி உட்பிரிவு ஏற்படுத்தும் திருத்தத்தைத் தாங்கள் முன்மொழியுமாறு வேண்டுகிறேன்.’

உறுப்பினர் பேரவையில் எழுந்து அப்படியே வாசிக்கத்தக்க அளவில் அது இருக்கிறதா என்று உரக்கப் படித்துப் பார்த்துவிட்டு, கூட்டத்தொடர் தொடங்குவதற்கு இரண்டு வாரம் முன்பாவது தொகுதி அலுவலகத்தில் நேரில் கொடுங்கள். ஒரு படியைத் தலைமைச் செயலகத்தில் உள்ள உள், மதுவிலக்கு மற்றும் ஆயத்தீர்வைத் துறைக்குப் பதிவுத் தபாலில் அனுப்புங்கள். கிராம சபைக் கூட்டத்தில் அதே வாசகத்தைத் தீர்மானமாக நிறைவேற்றி இணைத்தால் கனம் கூடும். பேரவையின் மனுக்கள் குழு மாவட்டத்துக்கு வரும் செய்தி வந்தால், அங்கும் ஒரு படியைக் கொடுக்கலாம்.

நிறைவேறியதோடு கதை முடிவதில்லை. இணையவழிச் சூதாட்டத் தடைச் சட்டமுன்வடிவு 2022 அக்டோபரில் நிறைவேறி, ஆளுநரால் திருப்பி அனுப்பப்பட்டு, 2023 மார்ச் 23 அன்று மீண்டும் நிறைவேற்றப்பட்டு, ஏப்ரலில்தான் ஒப்புதல் பெற்றது. ஒப்புதலுக்குப் பிறகும் சட்டம் நடைமுறைக்கு வரும் தேதியையும், அதன் கீழ் வகுக்கப்படும் விதிகளையும் அரசிதழில் தேட வேண்டும். படிவங்களும் கால வரம்புகளும் பெரும்பாலும் விதிகளில்தான் வருகின்றன. உங்கள் மடித்த தாளில் காலியாக விட்ட இடங்கள் விதிகளில் நிரம்பியிருக்கின்றனவா என்று ஒப்பிட்டு, நிரம்பாதவற்றை மட்டும் தனித்தாளில் எழுதி வைத்துக்கொண்டு, ஆறு மாதம் கழித்து அதே காவல் நிலையத்தைப் பற்றி அதே மூன்று எண்ணிக்கைகளைக் கேட்டு இன்னொரு தகவல் அறியும் உரிமை விண்ணப்பம் அனுப்புங்கள்.