ஜினெவ்ராவின் முதுகுப்பக்கத்தைப் பார்க்காமல் வந்துவிடாதீர்கள்

வாஷிங்டனில் உள்ள தேசிய கலைக்கூடத்துக்குப் போகிறவர்களுக்கு ஒரு குறிப்பு. நுழைவுக் கட்டணம் கிடையாது, அதனால் ஒரே நாளில் எல்லாவற்றையும் பார்த்தே தீரவேண்டும் என்று ஓடவேண்டாம். டிசம்பர் 25, ஜனவரி 1 தவிர மற்ற நாட்களில் திறந்திருக்கும்.

முதலில் மேற்குக் கட்டடத்துக்குப் போய், லியனார்டோ டா வின்சி மரப்பலகையில் வரைந்த, ஜினெவ்ரா தே பென்சி என்ற பெண்ணின் உருவப்படத்தைப் பாருங்கள். அமெரிக்கக் கண்டங்களில் பொதுமக்கள் பார்வைக்கு இருக்கும் அவருடைய ஒரே ஓவியம் இதுதான். பலரும் முகத்தை மட்டும் படமெடுத்துவிட்டு நகர்ந்துவிடுகிறார்கள். ஆனால் பலகையின் பின்புறமும் ஓவியம்தான்! பின்னால் சுற்றிப்போய்ப் பாருங்கள். லாரல், பனை இலைகளுக்கு நடுவே ஜூனிப்பர் என்ற ஊசியிலைச் செடியின் கிளை ஒன்று. இத்தாலிய மொழியில் ஜூனிப்பருக்கு ‘ஜினெப்ரோ’ என்று பெயர். அவள் பெயரை வைத்து ஒரு சிலேடை. பலகையின் அடிப்பகுதியை யாரோ எப்போதோ வெட்டிவிட்டார்கள். படத்தில் இருந்த அவள் கைகள் அதோடு போயிருக்கலாம்.

அப்புறம் வெளியே வராமல் சுரங்கப்பாதை வழியாகவே கிழக்குக் கட்டடத்துக்கு நடந்துவிடுங்கள். நவீன ஓவியங்கள் அங்கேதான். பாதையில் மின்னும் விளக்குகளும் ஒரு கலைப்படைப்பு, எனக்கு அதுவே பாதி மகிழ்ச்சி. நேரில் போக முடியாதவர்கள், காப்புரிமை இல்லாத ஓவியங்களின் தெளிவான படங்களை அவர்கள் இணையதளத்தில் இலவசமாகவே இறக்கிக்கொள்ளலாம்.