வென்றவருக்கு உரிமை எங்கிருந்து வருகிறது? இறையாண்மை பற்றி எழுதுவோர் தவிர்க்க வேண்டிய தவறுகள்

இறையாண்மை, அதாவது ஒரு நாட்டின் உச்ச அதிகாரம், பற்றிய முதலாமாண்டுக் கட்டுரைகளைத் திருத்த உட்காரும்போதெல்லாம், சென்ற ஆண்டு சிவப்பு மையில் எழுதிய அதே குறிப்புகளை இந்த ஆண்டும் எழுத வேண்டியிருக்கிறது. ஆண்டுகளை மாற்றி எழுதுவது, சிந்தனையாளர்களின் பெயர்களைக் குழப்புவது போன்றவற்றை விட்டுவிடுகிறேன். பாடநூலை ஒருமுறை புரட்டினால் அவை சரியாகிவிடும். நன்றாகப் படிக்கிற, அழகாக எழுதுகிற மாணவர்களும் விழுகிற குழிகள் சில இருக்கின்றன. ஆணையிடும் உரிமை ஓர் அரசுக்கு எங்கிருந்து வருகிறது என்ற கேள்விக்குப் பதில் சொல்லும் இடத்தில்தான் அவை எல்லாமே இருக்கின்றன.

ஹாப்ஸ், லாக், ரூசோ மூவரையும் ஒரே வரியில் அடைப்பது

"அதிகாரம் மக்களின் சம்மதத்திலிருந்து பிறக்கிறது என்று மூவரும் கூறினர்." மூன்று அரசியல் தத்துவவாதிகளைப் பற்றி இந்த ஒரே வரியை எழுதிவிட்டு அடுத்த பத்திக்குப் போய்விடுகிறார்கள். வரி பொய்யல்ல. ஆனால் அதை வைத்துக்கொண்டு எதையும் விளக்க முடியாது.

1651இல் எழுதிய ஹாப்ஸிடம், மக்கள் தங்களுக்குள்தான் ஒப்பந்தம் செய்துகொள்கிறார்கள். ஆட்சியாளர் அதில் ஒரு தரப்பே அல்லர். எனவே அவர் ஒப்பந்தத்தை மீறினார் என்று யாரும் வழக்காட முடியாது. லாக்கிடம் ஆட்சி என்பது நம்பி ஒப்படைக்கப்பட்ட பொறுப்பு. அந்த நம்பிக்கை முறிந்தால் அதிகாரம் மக்களிடமே திரும்பிவிடும். 1762இல் எழுதிய ரூசோ, இறையாண்மையை யாருக்கும் கைமாற்றவே முடியாது என்கிறார். அவருக்கு அரசாங்கம் மக்களின் முகவர், அவ்வளவே. ஆங்கிலேயர்கள் நாடாளுமன்ற உறுப்பினர்களைத் தேர்ந்தெடுக்கும் நேரத்தில் மட்டுமே சுதந்திரமானவர்கள் என்று அவர் எழுதியது இந்த எண்ணத்திலிருந்துதான்.

சம்மதம் என்ற ஒரே தொடக்கப் புள்ளியிலிருந்து அசைக்க முடியாத ஆட்சியாளர், அகற்றக்கூடிய சட்டமன்றம், பிரதிநிதிகளிடம் ஒப்படைக்க முடியாத மக்கள் விருப்பம் என்று மூன்று முடிவுகள் கிளம்புகின்றன. இந்தப் பிரிவு எங்கே நிகழ்கிறது என்பதைத்தான் கட்டுரை காட்ட வேண்டும்.

"இறையாண்மை 1648இல் வெஸ்ட்பாலியாவில் பிறந்தது"

இல்லை. ஐரோப்பியப் போர்களை முடித்த வெஸ்ட்பாலியா உடன்படிக்கைக்கு வெகு முன்பே, 1576இலேயே, பிரெஞ்சுச் சிந்தனையாளர் ழான் போதேன் அதை விரிவாக எழுதிவிட்டார்.

கீழ்ப்படிதலை உரிமை என்று எண்ணுவது

இந்தத் தவறைப் பற்றித்தான் நீண்ட நேரம் பேச வேண்டியிருக்கிறது. இத்தனை ஆண்டுகளுக்குப் பிறகும் இதைப் பார்க்கும்போது எனக்குக் கோபம் வருகிறது. எழுதுகிறவர் இதைத் தவறு என்று உணர்வதில்லை. தான் யதார்த்தத்தைப் பேசுவதாகவே நினைக்கிறார்.

ஒரு மாணவர் ஆட்சிக்கவிழ்ப்புகள் பற்றி மிகக் கூர்மையான கட்டுரை ஒன்றை எழுதியிருந்தார். அதன் முடிவு இது: "எதிர்ப்பு அடங்கிய நாளிலேயே புதிய ஆட்சியின் இறையாண்மை நிறுவப்பட்டுவிட்டது." அவரை அழைத்து, எதிர்ப்பு அடங்குவதற்கு முந்தைய நாள் அந்த ஆட்சி பிறப்பித்த ஆணைக்கு மக்கள் கட்டுப்பட்டிருந்தார்களா என்று கேட்டேன். இல்லை என்றார். மறுநாள் எது மாறியது என்று கேட்டேன். "எதிர்க்க யாரும் மிச்சமில்லை" என்றார். ஆட்கள் மிச்சமில்லாமல் போவது எப்படி ஒரு கடமையை உண்டாக்கும் என்ற கேள்விக்கு அவரிடம் பதில் இல்லை. அறிவுள்ள பிள்ளைதான். ஆனால் அந்தக் கேள்வியை அவரிடம் அதுவரை யாரும் கேட்டிருக்கவில்லை.

இதே வாதத்தை ஒரு நாட்டின் உச்ச நீதிமன்றமே ஏற்றுக்கொண்டால் என்ன நடக்கும் என்பதற்கு வரலாறு பதில் வைத்திருக்கிறது. 1958 அக்டோபர் 7 அன்று பாகிஸ்தான் குடியரசுத் தலைவர் இஸ்கந்தர் மிர்சா 1956ஆம் ஆண்டு அரசியலமைப்பை ரத்து செய்து இராணுவச் சட்டத்தை அறிவித்தார். இராணுவத் தளபதி அயூப் கான் இராணுவச் சட்டத் தலைமை நிர்வாகி ஆனார். அந்த நேரத்தில் டோஸோ என்பவரின் வழக்கு உச்ச நீதிமன்றத்தின் முன் இருந்தது. பழங்குடிப் பெரியோர் மன்றம் ஒன்று விசாரித்துத் தண்டனை பெற்றவர் அவர். சட்டத்தின் முன் அனைவரும் சமம் என்ற அரசியலமைப்பு உரிமையைக் காட்டி உயர் நீதிமன்றத்தில் நிவாரணமும் பெற்றிருந்தார். தலைமை நீதிபதி முகமது முனீர், சட்டத் தத்துவ அறிஞர் ஹான்ஸ் கெல்சனின் கோட்பாட்டை மேற்கோள் காட்டினார். வெற்றிபெற்ற புரட்சி தானே சட்டத்தை உருவாக்கும் உண்மையாகிவிடுகிறது, பழைய அரசியலமைப்பும் அதன் உரிமைகளும் மறைந்துவிட்டன என்று தீர்ப்பளித்தார். டோஸோ பெற்றிருந்த பாதுகாப்பு அதோடு போயிற்று. தீர்ப்பு வெளியான நாள் அக்டோபர் 27. அன்று இரவே அயூப் கான் மிர்சாவை நீக்கிவிட்டுக் குடியரசுத் தலைவர் பொறுப்பைத் தானே எடுத்துக்கொண்டார். முனீரின் தர்க்கப்படி அதுவும் செல்லும். வெற்றிதான் உரிமையின் மூலம் என்று ஏற்றுக்கொண்ட பிறகு, அடுத்த வெற்றியாளரைத் தடுக்க அந்தக் கோட்பாட்டிடம் ஒரு வார்த்தைகூட இல்லை.

கெல்சன் சொன்னதையும் சரியாகச் சொல்லிவிட வேண்டும், ஏனென்றால் மாணவர்கள் அவரைத்தான் துணைக்கு அழைக்கிறார்கள். ஒரு சட்ட அமைப்பு பொதுவாகப் பின்பற்றப்படுவது, அது செல்லுபடியாவதற்கு ஒரு நிபந்தனை என்றார் அவர். அதுவே செல்லுபடிக்குக் காரணம் என்று சொல்லவில்லை. இந்த இரண்டையும் பிரித்துப் பார்க்க வேண்டும் என்று அவரே வற்புறுத்தினார். புரட்சிக்குப் பின் சட்டத்தை ஆராய்பவர் எதை முன்அனுமானமாகக் கொள்கிறார் என்று விவரித்தவரை, நீதிபதி ஒருவர் யாருக்குப் பணிய வேண்டும் என்று சொல்லும் வழிகாட்டியாக மாற்றிவிட்டார்கள். 1966இல் உகாண்டாவிலும் ஒரு நீதிமன்றம் இதே வாதத்தைப் பின்பற்றியது.

1972இல் அஸ்மா ஜிலானி வழக்கில் பாகிஸ்தான் உச்ச நீதிமன்றம் டோஸோ தீர்ப்பைத் தவறென்று நிராகரித்தது. அயூபுக்குப் பின் ஆட்சிக்கு வந்த இராணுவத் தளபதி யாஹ்யா கானை, அதிகாரத்தை அபகரித்தவர் என்று அறிவித்தது. தீர்ப்பு வந்தபோது யாஹ்யா பதவியில் இல்லை என்பதையும் சேர்த்தே எழுதுங்கள். ஐந்தே ஆண்டுகளில், 1977இல், இராணுவத் தளபதி ஜியா உல் ஹக்கின் ஆட்சிக்கவிழ்ப்பை அதே நீதிமன்றம், நெருக்கடியில் சட்டத்தை மீறுவதும் செல்லும் என்ற அவசியக் கோட்பாட்டின் பெயரால் ஏற்றுக்கொண்டது. வாசலை ஒருமுறை திறந்துவிட்டால் அதை மூடுவது எவ்வளவு கடினம் என்பதற்கு இதைவிடச் சான்று தேவையில்லை.

எதிர்த் திசையில் ஒரு சான்றும் உண்டு. இயன் ஸ்மித்தின் வெள்ளைச் சிறுபான்மை அரசு 1965 நவம்பர் 11 அன்று பிரிட்டிஷ் காலனியான தென் ரொடீசியாவின் சுதந்திரத்தைத் தன்னிச்சையாக அறிவித்தது. காவல்துறை, வரி வசூல், சிறை எல்லாம் அதன் கையில் இருந்தன. பதினான்கு ஆண்டுகளில் ஒரு நாடுகூட அதை முறைப்படி அங்கீகரிக்கவில்லை. பெரும்பான்மைக் கறுப்பின மக்களை ஒதுக்கிவைத்த அந்த ஆட்சியின் கட்டுப்பாடு எவ்வளவு இறுகியிருந்தாலும் அது உரிமையாக மாறவில்லை. அந்த நாடு ஜிம்பாப்வே என்ற பெயரில் 1980 ஏப்ரல் 18 அன்றுதான் சுதந்திர நாடானது.

தத்துவவாதி டேவிட் ஹியூமை மேற்கோள் காட்டித் தப்பிக்கப் பார்ப்பவர்களும் உண்டு. ஏறக்குறைய எல்லா ஆட்சிகளும் அபகரிப்பிலோ படையெடுப்பிலோதான் தொடங்கின என்று 1748இல் அவர் எழுதியது உண்மை. ஆனால் கீழ்ப்படியும் கடமையை அவர் அந்த வெற்றியின் மேல் நிறுத்தவில்லை. ஆட்சி இல்லாமல் சமூகம் நிலைக்காது என்பதன் மேல்தான் நிறுத்தினார். தொடக்கம் எப்படி நடந்தது என்பது ஒரு கேள்வி, எதனால் கட்டுப்பட வேண்டும் என்பது வேறொரு கேள்வி. இரண்டையும் தனித்தனிப் பத்திகளில் எழுதுங்கள். கட்டுரையில் பாதிச் சிக்கல் அங்கேயே தீர்ந்துவிடும்.

மக்கள் என்றால் பெரும்பான்மை, பெரும்பான்மை என்றால் அரசு

அரசின் அதிகாரம் மக்களிடமிருந்து வருகிறது என்று 1919ஆம் ஆண்டு வைமார் அரசியலமைப்பின் முதல் பிரிவே சொன்னது. 1933 மார்ச் 23 அன்று ஜெர்மானிய நாடாளுமன்றம் சட்டமியற்றும் அதிகாரத்தை ஹிட்லரின் அமைச்சரவைக்குக் கொடுத்தது. ஆதரவு 444, எதிர்ப்பு 94. கம்யூனிஸ்ட் உறுப்பினர்கள் அவைக்குள்ளேயே வர முடியவில்லை; வெளியே ஆயுதப்படையினர் நின்றிருந்தார்கள். மூன்றில் இரண்டு பங்கு கிடைத்துவிட்டதால் மக்களே அதிகாரத்தைக் கொடுத்துவிட்டார்கள் என்று எழுதுகிறவர், ஓர் அவையை மக்களாகவே கருதிவிடுகிறார்.

அரசியலமைப்பை உருவாக்கும் அதிகாரம் வேறு, அதனால் உருவாக்கப்பட்ட அதிகாரம் வேறு என்று பிரெஞ்சுப் புரட்சிக் காலச் சிந்தனையாளர் சியேஸ் 1789இலேயே பிரித்துக் காட்டினார். 1949இல் வந்த ஜெர்மானிய அடிப்படைச் சட்டம், சில அடிப்படைகளை எந்தப் பெரும்பான்மையாலும் திருத்த முடியாது என்று பிரிவு 79இல் எழுதி வைத்தது. 1973இல் கேசவானந்த பாரதி வழக்கில் இந்திய உச்ச நீதிமன்றம் ஏழுக்கு ஆறு என்ற கணக்கில் இதே திசையில் சென்றது. நீதிபதிகளுக்கு இவ்வளவு அதிகாரம் கூடாது என்று நீங்கள் வாதிடலாம். அது நியாயமான வாதம். ஆனால் அந்த வாதத்தை "நாடாளுமன்றமே மக்கள்" என்று தொடங்காதீர்கள்.

அங்கீகாரமே மூலம் என்பது

1933ஆம் ஆண்டு மான்டிவிடியோ உடன்படிக்கையின் மூன்றாம் பிரிவைப் படியுங்கள்: ஓர் அரசின் அரசியல் இருப்பு மற்ற அரசுகளின் அங்கீகாரத்தைச் சார்ந்ததல்ல. அங்கீகாரமே அரசை உருவாக்குகிறது என்ற மறுதரப்பும் உண்டு. எந்தத் தரப்பில் நிற்கிறீர்கள் என்று சொல்லாமல் எழுதக் கூடாது.

தொடக்கத்துக்கும் சட்ட அனுமதி தேடுவது

வெற்றியை உரிமை என்று எழுதக் கூடாது என்று திருத்தியதும் சில மாணவர்கள் மறுகோடிக்கு ஓடிவிடுகிறார்கள். முந்தைய சட்டம் அனுமதித்தால்தான் புதிய இறையாண்மை செல்லும் என்கிறார்கள். அப்படிப் பார்த்தால் 1787ஆம் ஆண்டு அமெரிக்க அரசியலமைப்பே தேறாது. பழைய கூட்டமைப்பு விதிகளைத் திருத்தப் பதின்மூன்று மாநிலங்களும் ஒப்ப வேண்டியிருந்தது. புதிய அரசியலமைப்போ ஒன்பது மாநிலங்கள் ஏற்றால் போதும் என்று தனக்குத்தானே விதி எழுதிக்கொண்டது.

ஜப்பான் இதைவிடச் சிக்கலானது. இறையாண்மை மக்களுடையது என்று கூறும் 1946ஆம் ஆண்டு அரசியலமைப்பு, பேரரசரிடமே இறையாண்மை இருந்த 1889ஆம் ஆண்டு அரசியலமைப்பின் திருத்தமாக, அதன் 73ஆம் பிரிவின் வழியே நிறைவேற்றப்பட்டது. பேரரசரின் அதிகாரத்தை, அவரே பிறப்பிக்கும் ஒரு திருத்தம் மக்களிடம் மாற்றித்தர முடியுமா? சட்ட அறிஞர் மியாசாவா தோஷியோஷி முடியாது என்றார். 1945 ஆகஸ்டில் சரணடையக் கோரிய நேச நாடுகளின் போட்ஸ்டாம் பிரகடனத்தை ஏற்றபோதே சட்ட நோக்கில் ஒரு புரட்சி நடந்துவிட்டது, இறையாண்மை அப்போதே மக்களிடம் போய்விட்டது என்பது அவர் விளக்கம். தோற்ற நாடு நிர்ப்பந்தத்தில் ஏற்றுக்கொண்ட ஒரு பிரகடனம் மக்களின் முடிவாகுமா என்று அவரிடம் திருப்பிக் கேட்கலாம். கட்டுரை எழுதுகிறவர் அந்தக் கேள்வியைத் தாண்டிப் போகாமல், ஏதாவது ஒரு பக்கத்தில் நின்று காரணம் சொல்ல வேண்டும். மதிப்பெண் அந்தக் காரணத்துக்குத்தான்.