பண்ணையில் பாகப்பிரிவினை

மகளும் மகனும் சேர்ந்து ஆடட்டும் என்று, பண்ணை வைத்து நடத்தும் வீடியோ விளையாட்டான ஸ்டார்டியூ வேலியைப் போட்டுக்கொடுத்தேன். 2020 டிசம்பரில் வந்த 1.5 பதிப்பிலிருந்து ஒரே டிவியை இரண்டாகப் பிரித்து ஆடலாம்.

மூன்றாம் நாளே சண்டை. முதுகுப் பையைப் பெரிதாக்க 2000 பொன் வேண்டும் என்று பெரியவள் மீன் பிடித்து விற்றுச் சேர்த்துக்கொண்டிருந்தாள். சின்னவன் ஒன்று 50 வீதம் 20 உருளைக்கிழங்கு விதை வாங்கிவிட்டான். "பண்ணை ரெண்டு பேருக்கும்தானே!" என்கிறான். அவன் சொன்னதும் சரிதான், பணப்பை பொது.

ஆளுக்கொரு நாள் செலவு என்று நான் போட்ட சட்டம் ஒரு மாலைகூடத் தாங்கவில்லை. விளையாட்டில் ஒரு நாள் என்பது ஏறக்குறைய 14 நிமிடம், யார் கணக்கு வைப்பது? அப்புறம்தான் விளையாட்டில் வரும் மேயர் லூயிஸ் வீட்டில் ஒரு கணக்குப் புத்தகம் இருப்பது கண்ணில் பட்டது. பணத்தைத் தனித்தனியாகப் பிரிக்கும் வசதி அதில்தான். பண்ணையைத் தொடங்கியவர்தான் அதைச் செய்ய வேண்டும். நான் சின்னவன் கன்ட்ரோலரை வைத்துக்கொண்டு கால் மணி நேரம் வீணாக்கினேன். மகள் தேர்ந்தெடுத்தாள், இருவரும் தூங்கி எழுந்தார்கள், காலையில் பணம் பிரிந்திருந்தது. விற்பனைப் பெட்டியில் யார் போட்ட பொருளோ, காசும் அவருக்கே.

இருவரும் நோட்டில் மதிப்பெண் எழுதுகிறார்கள். மகள் பத்துக்கு எட்டு. மகன் பத்து, காரணம், "நாய் இருக்கு".