கலைப் பட்டப்படிப்பில் மேஜர், பாடத் தேர்வு: தவிர்க்க வேண்டிய தவறுகள்

கலைப் பட்டப்படிப்பில் சேர்கிறவர்களிடம் எல்லோரும் சொல்வது, "பிடித்ததை எடுத்துப் படி" என்பதுதான். நல்ல அறிவுரைதான். ஆனால் பிடித்ததை எந்த வரிசையில், எந்த செமஸ்டரில் எடுக்க வேண்டும் என்று யாரும் சொல்லித் தருவதில்லை. இறுதியாண்டில் பதிவு செய்ய உட்காரும்போது, "முன்நிபந்தனைப் பாடம் முடிக்கப்படவில்லை" என்று திரை சொன்ன பிறகுதான் பலருக்கு அது உறைக்கிறது. அந்த நேரத்தில் வாடிப்போன முகங்களைப் பார்த்திருக்கிறேன். இரண்டு வருடம் முன்பு அரை மணி நேரம் ஒதுக்கியிருந்தால் போதும், அந்த நிலை வந்திருக்காது.

முதலில் கணக்கு. மூன்றாண்டுப் படிப்பு, செமஸ்டருக்கு நான்கு பாடம் என்று வைத்துக்கொண்டால் மொத்தம் 24 இடங்கள். அதில் ஒரு மேஜர், அதாவது நீங்கள் ஆழமாகப் படிக்கும் முதன்மைத் துறை, எட்டு முதல் பத்து இடங்களை எடுத்துக்கொள்ளும். பல்கலைக்கழகம் எல்லோருக்கும் கட்டாயமாக்கிய பாடங்கள் சில இருக்கும். மீதி உங்கள் கையில். 24 என்பது பெரிய எண்ணாகத் தெரியும், ஆனால் இரண்டாவது மேஜரோ மைனரோ (குறைந்த பாடங்களோடு படிக்கும் துணைத் துறை) சேர்த்தால் சட்டென்று தீர்ந்துவிடும்.

முதல் செமஸ்டரிலிருந்து திட்டம் போடுவது

இதுதான் பெரிய தவறு, மற்ற பல தவறுகளுக்கும் வேர். திட்டத்தைக் கடைசி ஆண்டில் தொடங்கிப் பின்னோக்கி வர வேண்டும்.

ஓர் உதாரணம். உங்கள் மேஜரை முடிக்க இறுதியாண்டில் ஆய்வுக் கட்டுரைப் பாடம் ஒன்று கட்டாயம். அதற்கு இரண்டாம் ஆண்டின் ஆய்வு முறைகள் பாடம் தேவை. அதற்கு முதலாண்டின் இரண்டு அறிமுகப் பாடங்கள் தேவை. ஆய்வு முறைகள் பாடம் ஆண்டின் முதல் செமஸ்டரில் மட்டுமே நடக்கிறது. இப்போது, முதலாண்டில் இரண்டு அறிமுகப் பாடங்களில் ஒன்றைத் தள்ளிப்போட்டால் என்ன ஆகும்? இரண்டாம் ஆண்டின் முதல் செமஸ்டரில் ஆய்வு முறைகளை எடுக்க முடியாது. அடுத்த வாய்ப்பு மூன்றாம் ஆண்டில். ஆய்வுக் கட்டுரையும் முதல் செமஸ்டரில் மட்டும் நடந்தால் அது நான்காம் ஆண்டுக்குப் போய்விடும். ஒரே ஒரு பாடத்தைத் தள்ளிப்போட்டதற்கு ஒரு வருடம் போகிறது.

சில பாடங்கள் ஒன்றுவிட்ட ஆண்டுகளில்தான் நடக்கும். சிறிய துறைகளில் இது சகஜம். ஒரு பேராசிரியர் ஆய்வு விடுப்பில் போனால் அவருடைய பாடமும் அந்த ஆண்டு நின்றுபோகலாம். ஆகவே ஒரு தாளில் ஆறு செமஸ்டர்களுக்கு ஆறு கட்டங்கள் வரைந்து, கடைசிக் கட்டத்தில் கட்டாயமானதை எழுதி, அதற்கு என்ன தேவை என்று ஒவ்வொன்றாகப் பின்னால் போங்கள். மேல்நிலைப் பாடம் ஒவ்வொன்றுக்கும் ஒரு மாற்றுப் பாடத்தையும் குறித்து வையுங்கள்.

மொழி ஒன்றை மேஜராக எடுப்பவர்களுக்கு இது இன்னும் முக்கியம். மொழிப் பாடங்கள் ஏணிப்படி மாதிரி, ஒரு படியைத் தாண்டிக் குதிக்க முடியாது. ஆங்கிலம் தாய்மொழியாக உள்ளவர்கள் பணிக்குப் பயன்படும் அளவுக்கு ஒரு மொழியைக் கற்க, அமெரிக்க வெளியுறவுத் துறையின் பயிற்சி நிறுவனம் ஸ்பானிய மொழிக்குச் சுமார் 600 முதல் 750 வகுப்பு மணி நேரமும், ஜப்பானியம், அரபு, சீனம், கொரியன் போன்றவற்றுக்குச் சுமார் 2200 மணி நேரமும் கணக்கிடுகிறது. வாரத்துக்கு நான்கு மணி, செமஸ்டருக்குப் பன்னிரண்டு வாரம் என்றால் ஒரு மொழிப் பாடத்தில் கிடைப்பது 48 மணி நேரம்தான். அகரவரிசையிலிருந்து தொடங்குகிறவர் முதல் செமஸ்டரிலேயே தொடங்கியாக வேண்டும். "முதல் வருடம் வேறு பாடங்களைப் பார்த்துவிட்டு அடுத்த வருடம் ஜப்பானியம் தொடங்கலாம்" என்று நினைத்தவர்களுக்கு, அதை மேஜராக முடிக்கப் பெரும்பாலும் செமஸ்டர்கள் போதாது.

பெயரைப் பார்த்து மேஜரைத் தேர்ந்தெடுப்பது

உளவியல் என்றால் மனிதர்களுடன் பேசிப் புரிந்துகொள்வது என்று நினைத்துச் சேர்கிறார்கள். உள்ளே போனால் புள்ளியியல் காத்திருக்கிறது: மாதிரி அளவு, மாறுபாடு, சோதனை வடிவமைப்பு. மொழியியலில் இலக்கியம் இருக்காது, ஒலிகளைச் சர்வதேச ஒலியியல் குறியீட்டில் எழுதுவதும் வாக்கியங்களைக் கிளைப்படமாக வரைவதும் இருக்கும். தத்துவத்தில் குறியீட்டுத் தர்க்கம் என்ற, கணிதம் போலவே இருக்கும் பாடம் வரும். பொருளாதாரத்தின் மேல்நிலைப் பாடங்களில் நுண்கணிதம் தெரியாமல் நகர முடியாது. இவை எதுவும் அந்தத் துறைகளின் குறை இல்லை, அவற்றின் அழகே அங்கேதான் இருக்கிறது. ஆனால் தெரிந்துகொண்டு போக வேண்டும்.

அதற்கு வழி, முதலாண்டு அறிமுகப் பாடத்தின் விளக்கத்தோடு நிறுத்திக்கொள்ளாமல் இறுதியாண்டுப் பாடங்களின் வாசிப்புப் பட்டியலைத் தேடிப் படிப்பதுதான். அறிமுகப் பாடம் எல்லோரையும் ஈர்க்கும்படி அமைக்கப்பட்டது. இறுதியாண்டின் கட்டுரைத் தலைப்புகளைப் பார்த்து, "இதை எழுத எனக்கு ஆசையாக இருக்கிறது" என்று தோன்றினால் அது உங்கள் மேஜர். தோன்றாவிட்டால் பெயர் எவ்வளவு கவர்ச்சியாக இருந்தாலும் யோசியுங்கள். பள்ளியில் ஓர் ஆசிரியர் அருமையாக நடத்தினார் என்பதற்காகவே வரலாறு எடுப்பவர்களும் உண்டு. அது நல்ல தொடக்கம்தான், ஆனாலும் அந்த வாசிப்புப் பட்டியலைப் பார்த்துவிடுங்கள்.

எல்லாவற்றையும் ருசி பார்ப்பது, எல்லாவற்றையும் அடுக்குவது

முதலாண்டில் பல துறைகளைத் தொட்டுப் பார்ப்பது நல்லது, கலைப் படிப்பின் பெரிய வரமே அதுதான். இரண்டாம் ஆண்டிலும் அறிமுகப் பாடங்களாகவே எடுத்துக்கொண்டு போவதுதான் சிக்கல். பட்டத்துக்குக் கணக்கில் சேரும் முதல்நிலைப் பாடங்களுக்குப் பல பல்கலைக்கழகங்களில் உச்சவரம்பு இருக்கிறது. அதைத் தாண்டியவை தேர்ச்சியாகவே இருந்தாலும் பட்டத்துக்குச் சேராது.

எதிர்ப்பக்கத் தவறு இரட்டை மேஜர். இரண்டு துறைகளுக்கும் பொதுவான ஒரு பாடத்தை இரண்டிலும் கணக்கு வைக்கலாம் என்று நம்பித் திட்டம் போடுகிறார்கள். ஒரே பாடத்தை இரு முறை எண்ணக் கூடாது என்பது பல இடங்களில் விதி. அந்த ஒரு வரியைப் பல்கலைக்கழகத்தின் விதிக் கையேட்டில் தேடிப் பார்த்த பிறகு முடிவு செய்யுங்கள். என் கருத்தைக் கேட்டால், ஒரு மேஜரை ஆழமாகப் படித்து அதற்கு உதவும் மைனர் ஒன்றை வைப்பது பலருக்குப் போதும். அரசியலோடு ஒரு மொழி, சமூகவியலோடு புள்ளியியல் என்பது போல.

கையேடு என்றதும் ஒன்று சொல்ல வேண்டும். சீனியர்கள் சொல்வது அவர்கள் சேர்ந்த ஆண்டின் விதி. பொதுவாக உங்களுக்குப் பொருந்துவது நீங்கள் சேர்ந்த ஆண்டின் கையேடு. அதைத் தரவிறக்கி வைத்துக்கொள்ளுங்கள்.

கிரெடிட் எண்களை அப்படியே ஒப்பிடுவது

கிரெடிட் என்பது ஒரு பாடத்துக்கான உழைப்பை அளக்கும் அலகு. வெளிநாட்டுப் பரிமாற்ற செமஸ்டருக்குப் போகிறவர்கள் இதில் ஏமாறுகிறார்கள். ஐரோப்பாவின் ஈசிடிஎஸ் என்ற பொதுக் கிரெடிட் முறையில் ஓர் ஆண்டுக்கு 60 கிரெடிட், ஒரு கிரெடிட் என்பது 25 முதல் 30 மணி நேர உழைப்பு. அமெரிக்காவில் நான்காண்டுப் பட்டத்துக்குப் பொதுவாக 120. இந்தியாவில் 2022இல் யுஜிசி (பல்கலைக்கழக மானியக் குழு) வெளியிட்ட பாடத்திட்டச் சட்டகத்தில் மூன்றாண்டுக்கு 120, நான்காண்டுக்கு 160. ஒரே 120 ஓரிடத்தில் மூன்று வருடம், இன்னோரிடத்தில் நான்கு வருடம். அதனால் அங்கே எடுக்கப்போகும் ஒவ்வொரு பாடமும் இங்கே எதற்குச் சமம் என்று புறப்படும் முன்பே எழுத்தில் ஒப்புதல் வாங்க வேண்டும். ஒரு செமஸ்டரில் மட்டும் நடக்கும் கட்டாயப் பாடம் இருக்கும்போது அந்த செமஸ்டரில் பயணம் வைக்காதீர்கள்.

அடுத்த கதவை மறப்பது

பட்டத்துக்குப் பிறகு என்ன என்று முதலாண்டில் தெரிந்திருக்க வேண்டியதில்லை. ஆனால் எந்தக் கதவு எதனால் மூடும் என்று தெரிந்திருக்கலாம். பள்ளி ஆசிரியராக விரும்பினால், கற்பிக்கப்போகும் பாடத்தில் குறிப்பிட்ட எண்ணிக்கையில் பட்டப்படிப்புப் பாடங்கள் வேண்டும் என்று பல நாடுகள் கேட்கின்றன. பிரிட்டன், ஆஸ்திரேலியா போன்ற இடங்களில் உளவியலாளராகப் போக வேண்டுமானால் உரிய அமைப்பின் அங்கீகாரம் பெற்ற பாடத்தொடரைப் படித்திருக்க வேண்டும், உளவியல் பாடங்களை அங்கொன்றும் இங்கொன்றுமாக எடுத்தது செல்லாது. ஆய்வுப் படிப்புக்குப் போக மேஜராகவே முடித்திருக்க வேண்டும், மைனர் போதாது என்ற நிபந்தனையும் பல துறைகளில் உண்டு.

அப்புறம், செமஸ்டர் தொடங்கும்போதே பார்க்க வேண்டிய இரண்டு விஷயங்கள். நான்கு பாடங்களின் மதிப்பீட்டு அட்டவணையையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். நான்கு கட்டுரைகளும் ஒரே வாரத்தில் வந்தால், ஒன்றை விட்டுவிட்டு, கட்டுரைக்குப் பதில் எழுத்துத் தேர்வு உள்ள பாடமாக எடுங்கள். இன்னொன்று, பாடத்தை விட்டுவிலகும் தேதி. கட்டணம் இல்லாமல் விலக ஒரு தேதி, மதிப்பெண் பட்டியலில் தோல்வி பதியாமல் விலக இன்னொரு தேதி என இரண்டு இருக்கலாம். ஒன்றென்று நினைத்துவிடாதீர்கள்.

ஆலோசகரைப் பார்க்கப் போகும்போது, "எதை எடுக்கலாம்?" என்று வெறுங்கையோடு கேட்காமல் அந்த ஆறு கட்டத் தாளைக் கொண்டுபோங்கள். "இப்படிப் போட்டிருக்கிறேன், எங்கே தடுக்கும்?" என்று கேட்டால் பத்து நிமிடத்தில் தெளிவான பதில் வரும். விதிவிலக்கு ஏதாவது தருவதாகச் சொன்னால், அதை மின்னஞ்சலில் கேட்டு வாங்குங்கள். பட்டம் கைக்கு வரும்வரை அந்த மின்னஞ்சலை அழிக்காதீர்கள்.